ஸ்கானில் வெள்ளைக் கோடு, ஒரு பக்கம் மங்கல்: கண்ணாடி துடைத்தும் போகவில்லை

ஆரையூர் எழுதியது:

வணக்கம். வீட்டில் இருப்பது மெல்லிய தட்டை ஸ்கானர். தனிக் கரண்ட் வயர் கிடையாது, யூஎஸ்பி வயரிலேயே ஓடும் வகை. வாங்கி ஆறு வருசம். விண்டோஸ் 10. காணி உறுதிகள், பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், ஒரு அல்பம் நிறைய ஸ்டூடியோப் படங்கள், இவ்வளவையும் மாரிக்கு முன் ஸ்கான் பண்ணி முடிக்க வேண்டும். வருகிற பிரதி ஒன்றும் சரியில்லை.

1. தாளின் மேலிருந்து கீழ்வரை நேராக ஒரு வெளிறிய கோடு. இடது ஓரத்திலிருந்து 4 சென்ரிமீற்றர் அளவு தள்ளி. எந்தத் தாளை வைத்தாலும் அதே இடம்.
2. வலது பக்கம் கடைசி 5 சென்ரிமீற்றரில் எழுத்து மங்கல். இடது பக்கம் கூர்மையாக இருக்கிறது.
3. கறுப்பு வெள்ளையில் ஸ்கான் பண்ணினால் எழுத்தின் புள்ளி காணாமல் போகிறது. ‘கண்’ என்பது ‘கண’ ஆகிறது.
4. உறுதியின் பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் ஊறித் தெரிகிறது.
5. 1970, 80களில் எடுத்த படங்களில் தேன்கூடு மாதிரி வெள்ளைப் பொட்டுகள்.

கண்ணாடியை நீலநிறக் கண்ணாடித் தண்ணியால் துடைத்தேன். ஸ்கானரை இயக்கும் மென்பொருளான ட்ரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன். டிபிஐயை, அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண்ணை, 300இலிருந்து 2400க்கு ஏற்றினேன். கணினி திணறியது, மங்கல் அப்படியே இருந்தது. புது ஸ்கானர்தான் வாங்க வேண்டுமா?


மருதமுனை எழுதியது:

தம்பி, புதுசு வாங்க அவசரப்பட வேண்டாம். நீங்கள் எழுதினதில் முதல் ரெண்டும் மெசினுக்குள்ளே இருக்கிற பழுது. மற்ற மூன்றும் செற்றிங்கும் தாளும் சம்பந்தப்பட்டவை. நான் முதல் ரெண்டையும் சொல்கிறேன்.

கண்ணாடிக்குக் கீழே தாளின் அகலத்துக்கு ஒரு சட்டம் ஓடுகிறது. அதில் வரிசையாக ஆயிரக்கணக்கான சின்னக் கண்கள். 300 டிபிஐயில் ஏ4 அகலத்துக்கு 2480 புள்ளிகள் என்று கணக்கு. சட்டம் நகர நகர ஒவ்வொரு வரியாகப் படிக்கும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பழுதைக் கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். கண்ணாடியின் மேல் கிடக்கிற தூசி நகராது, ஆகவே படத்தில் ஒரு பொட்டாகத்தான் விழும். சட்டம் போகிற திசையிலேயே நீளமாகக் கோடு இழுபட்டால், பழுது சட்டத்தோடு சேர்ந்து போகிறது என்று அர்த்தம். அதனால்தான் எத்தனை தரம் மேல் கண்ணாடியைத் துடைத்தும் உங்கள் கோடு போகவில்லை. குறுக்கே வரிவரியாக வந்தால் அது வேறு சங்கதி: மோட்டர், பெல்ட், கரண்ட்.

உங்கள் கோடு வெளிறியது என்று எழுதியிருக்கிறீர்கள். அது முக்கியம். ஸ்கான் தொடங்குவதற்கு முன் சட்டம் ஒரு ஓரத்தில் நின்று, கண்ணாடிக்கு அடியில் ஒட்டியிருக்கிற ஒரு வெள்ளைப் பட்டியைப் பார்க்கும். ‘இதுதான் வெள்ளை’ என்று ஒவ்வொரு கண்ணும் தன்னைச் சரிக்கட்டிக்கொள்வது அந்தப் பட்டியை வைத்துத்தான். பட்டியில் ஒரு தூசி இருந்தால், அதற்கு நேரே இருக்கிற கண் ‘எனக்கு வெளிச்சம் போதவில்லை’ என்று எடுத்துக்கொண்டு, வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் தன் அளவைக் கூட்டிவிடும். பிறகு தாள் முழுக்க அந்த ஒரு இடம் மட்டும் தேவைக்கு மேல் வெளிச்சமாக விழும். பொட்டு பட்டியில், கோடு தாளில்.

உறுதிப்படுத்த: கந்தோர்க் கடிதம் வருகிற பழுப்பு நிற உறை ஒன்றை விரித்து, முழுக் கண்ணாடியையும் மூடி, கலரில் 300இல் ஸ்கான் பண்ணுங்கள். தானாகத் திருத்தும் தெரிவுகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு. பழுப்பில் கோடு தெளிவாகத் தெரியும். பிறகு கறுப்பு மட்டை ஒன்று. கறுப்பில் கோடு மிகவும் மங்கினால் பட்டிதான் காரணம். கூட்டின அளவால் இருட்டைப் பெருக்கினாலும் இருட்டுத்தானே. கறுப்பிலும் அதே அளவு பளிச்சென்று இருந்தால் சென்சரில் அந்தக் கண்ணே பழுதாக இருக்கலாம், துடைத்துப் பயனில்லை. வெள்ளைத் தாளில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். வெள்ளைக்கு மேல் வெள்ளை இல்லை என்பதால் கோடு ஒளிந்துகொள்ளும்.

மங்கலுக்குச் சோதனை: பிளாஸ்ரிக் அடிமட்டம் ஒன்று, எண் அச்சிட்ட பக்கம் கீழே பார்க்க, கண்ணாடியின் அகலவாக்கில் வையுங்கள். 600 டிபிஐ. பெரிதாக்கிப் பார்த்தால் மில்லிமீற்றர்க் கோடுகள் இடது பக்கம் தனித்தனியாகவும் வலது பக்கம் ஒன்றோடொன்று கரைந்தும் இருந்தால், சட்டத்தின் வலது முனை கீழே இறங்கிவிட்டது. இந்த மெல்லிய வகை தாளைத் தொட்டுக்கொண்டு பார்க்கிற மாதிரித்தான் கட்டியிருக்கிறார்கள். அரை மில்லிமீற்றர் விலகினாலே எழுத்து கரைந்துவிடும். சட்டத்துக்குக் கீழே ரெண்டு சின்னச் சுருள்வில் அதை மேலே தள்ளிப் பிடிக்கும். ஒன்று கழன்றாலோ, முனையில் இருக்கிற பிளாஸ்ரிக் வழுக்கி விலகினாலோ அந்தப் பக்கம் மட்டும் மங்கும்.

ஆனால் முதலில் தாளையும் சந்தேகியுங்கள். நாலாக மடித்து வைத்த உறுதியில் மடிப்பு தூக்கி நிற்கும். தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். மங்கல் ஸ்கானரின் அதே பக்கம் நின்றால் மெசின். தாளோடு இடம் மாறினால் தாள்.


தேத்தாத்தீவு எழுதியது:

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் வருகிறேன்.

2400 என்ற எண்ணை மறந்துவிடுங்கள் தம்பி. ஏ4 தாள் ஒன்று கலரில் 300 டிபிஐயில் ஏறத்தாழ 26 மெகாபைற். அதே தாள் 2400இல் 1.6 கிகாபைற்றுக்கு மேல், 64 மடங்கு. கூடின எண் கூடின தெளிவைத் தராது. குவியம் விலகின இடத்தை எத்தனை புள்ளியாக வெட்டினாலும் அது மங்கலான புள்ளிதான். அச்சுத் தாளுக்கு 300, மங்கின கையெழுத்துக்கும் தட்டச்சுக் காபன் பிரதிக்கும் 400 அல்லது 600. அதற்கு மேல் தேவையில்லை.

புள்ளி ஏன் போகிறது என்பதற்கு ஒரு கணக்கு. சாதாரண அச்செழுத்தில் மெய்யின் புள்ளி ஏறத்தாழ 0.35 மில்லிமீற்றர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 டிபிஐயில் ஒரு படப்புள்ளி 0.17 மில்லிமீற்றர். அப்படியென்றால் ‘ண்’ணின் புள்ளிக்கு ரெண்டே ரெண்டு படப்புள்ளிதான் கிடைக்கும். அதுவும் சரியாகக் கட்டத்துக்குள் விழாது, ஓரத்தில் சாம்பலாகக் கசியும். கறுப்பு வெள்ளை முறையில் மென்பொருள் ஒவ்வொரு படப்புள்ளியையும் ‘பாதிக்கு மேல் இருட்டா இல்லையா’ என்று கேட்டு ஒரு பக்கம் தள்ளும். சாம்பல் எல்லாம் வெள்ளைப் பக்கம் போய்விடும். நம் எழுத்தில் புள்ளி போனால் சொல்லே மாறும், பேரும் மாறும். உறுதியில் அது சின்னப் பிழை இல்லை.

ஆகவே எப்போதும் சாம்பல் நிறத்தில் அல்லது கலரில் எடுங்கள். கறுப்பு வெள்ளை வேண்டுமென்றால் பிறகு கணினியில் மாற்றலாம். எந்த அளவுக்கு மேல் கறுப்பு என்பதைக் கண்ணால் பார்த்துப் பிடிக்கலாம். எடுக்கும்போதே இழந்ததைத் திரும்ப வரவைக்க வழியில்லை.

முத்திரையும் கையொப்பமும் இருக்கிற பத்திரத்துக்குக் கலர்தான். காரணம் இருக்கிறது. கிம்ப் மாதிரி இலவச மென்பொருளில் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தட்டாகப் பிரிக்கலாம். ஈரம் பட்டுப் பழுப்பேறின தாளில் சிவப்புத் தட்டை மட்டும் பாருங்கள்: பழுப்புக் கறை பெரும்பாலும் மறைந்து, நீல மையும் கறுப்பு மையும் அப்படியே நிற்கும். ஊதா முத்திரைக்குள் எழுத்து புதைந்திருந்தால் நீலத் தட்டைப் பாருங்கள், முத்திரை வெளிறும். முத்திரையையே படிக்க வேண்டுமென்றால் பச்சைத் தட்டு, அங்கே ஊதா கறுத்து நிற்கும். ஒரே எச்சரிக்கை, மையே பழுப்பாக மாறிவிட்ட மிகப் பழைய கையெழுத்தைச் சிவப்புத் தட்டில் பார்க்க வேண்டாம்; கறையோடு எழுத்தும் போய்விடும்.

பின்பக்க எழுத்து ஊறுவதற்கு மருந்து, கறுப்பு மட்டை. ஸ்கானர் மூடியின் உட்பக்கம் வெள்ளை. மெல்லிய தாளைத் தாண்டிப் போகிற வெளிச்சம் அந்த வெள்ளையில் பட்டுத் திரும்பி வரும்போது பின்பக்க எழுத்தையும் நிழலாகக் கொண்டுவருகிறது. தாளின் மேல் மினுக்கமில்லாத கறுப்பு மட்டையை வைத்து மூடினால் அந்த வெளிச்சம் திரும்பாது. தாள் சற்றுச் சாம்பலாக வரும், பரவாயில்லை. பிறகு கிம்பின் ‘லெவல்ஸ்’ஸில் வெள்ளை முனையை, வரைபடத்தில் தாளின் நிறம் குவிந்திருக்கிற மேட்டின் அடிவாரம் வரை இழுத்தால் தாள் வெளுக்கும். ‘கொன்ட்ராஸ்ற்’ வழுக்கியைத் தொட வேண்டாம். அது ரெண்டு முனையையும் ஒன்றாக நெரிக்கும்.

சேமிப்பு: மூலப் பிரதி டிஃப் அல்லது பிஎன்ஜி வகைக் கோப்பாக. பிடிஎஃப் ஆக நேரே எடுத்தால் ‘சிறிய கோப்பு’ என்ற தெரிவு ஏற்கெனவே போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தைச் சுற்றிப் பூச்சி மொய்த்த மாதிரி அழுக்கு வருவது அதனால்தான். ஸ்கானரோடு வந்த மென்பொருள் சரிவராவிட்டால் நாப்ஸ்2 என்ற மென்பொருள் இலவசம், செற்றிங் எல்லாம் வெளிப்படையாக இருக்கும். பிரதேச செயலகத்துக்கோ வெளிநாட்டில் இருக்கிற உறவுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்ப வேண்டாம், டொக்கியூமென்ற் ஆக அனுப்புங்கள். படமாகப் போனால் அது தானாகவே சுருக்கிவிடும். பிறகு ஸ்கானரைக் குறை சொல்வோம்.


ஆரையூர் எழுதியது:

நானா, சோதனை செய்தேன். பழுப்பு உறையில் கோடு பளிச். கறுப்பு மட்டையில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அடிமட்டத்தில் 0 முதல் 15 வரை கோடு தனித்தனி, 16க்குப் பிறகு கரையத் தொடங்கி 20இல் ஒரே சாம்பல். தாளைத் திருப்பி வைத்தும் மங்கல் வலது பக்கமே. அப்படியென்றால் திறக்கத்தான் வேண்டுமா? எதில் தொடங்குவது?

தேத்தாத்தீவு அண்ணன், கறுப்பு மட்டை உடனே வேலை செய்தது. மிக்க நன்றி.


மருதமுனை எழுதியது:

திறக்கத்தான் வேண்டும். உத்தரவாதம் முடிந்த மெசின் என்பதால் பயமில்லை.

யூஎஸ்பி வயரைக் கழற்றுங்கள். இடம் முக்கியம்: மின்விசிறியை நிறுத்தி, யன்னலைச் சாத்தி, மேசையில் துவைத்த பருத்தித் துணி விரித்து வேலை செய்யுங்கள். கச்சான் காற்று வீசுகிற நாளில் வேண்டாம். திறந்த ஸ்கானருக்குள் மணல் ஏறினால் இப்போது இருக்கிற ஒரு கோடு பத்துக் கோடாகும்.

மூடியைக் கழற்றுங்கள், பெரும்பாலும் நேரே மேலே இழுத்தால் பிணைச்சல் வரும். திருகாணிகள் அடியில் இருக்கிற ரப்பர்ப் பாதங்களுக்குக் கீழேயோ பிணைச்சல் பக்கமோ ஒளிந்திருக்கும். சில மெசினில் திருகாணியே இல்லை, கொக்கிதான். பழைய பிளாஸ்ரிக் அட்டை ஒன்றை இடுக்கில் நுழைத்து ஒரு மூலையிலிருந்து மெல்ல விடுவியுங்கள். திருப்புளி நுனி போட்டு நெம்பினால் சட்டகம் தழும்பாகும், கண்ணாடியும் வெடிக்கலாம். கண்ணாடி மேல் சட்டகத்தோடு ஒட்டியே வரும், அதைத் தனியாகப் பிரிக்க முயல வேண்டாம்.

மேல் பாகத்தைத் தலைகீழாகத் துணியில் வையுங்கள். ஒரு முனையில், வெளியே அளவுகோல் அச்சிட்ட ஓரத்துக்கு நேர் பின்னால், விரலகலத்தில் நீளமான வெள்ளைப் பட்டி தெரியும். அதுதான். போன் லைற்றைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இடம் தேடும்போது ஒன்று கவனம்: சட்டகம் தலைகீழாக இருப்பதால் இடம் வலம் மாறியிருக்கும். முதலில் ரப்பர் ஊதுபந்தால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஊதியும் நிற்கிற தூசியை மென்மையான தூரிகையால் ஒரே பக்கமாகத் தள்ளுங்கள். போகாவிட்டால் மைக்ரோஃபைபர்த் துணியில் சற்று ஐசோபுரோப்பைல் அற்ககோல்.

சட்டத்துக்கு வாருங்கள். அதை வெளிப்பக்கம் இருந்து இழுக்க வேண்டாம், பற்சக்கரத்தை விரலால் சுற்றி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ரெண்டு முனையையும் மாறிமாறி விரலால் மெல்ல அமுக்கிப் பாருங்கள். இடது முனை அமுங்கித் துள்ளும். வலது முனை துள்ளாமல் கிடந்தால் அங்கே சுருள்வில் விலகியிருக்கிறது. சட்டத்தை அதன் தொட்டியிலிருந்து மெல்லத் தூக்கினால் வில் தெரியும், அதன் குமிழில் திரும்ப உட்கார வையுங்கள். தட்டையான வெள்ளை நாடா வயர் ஒன்று சட்டத்தோடு வரும். அதை மடிக்கவோ முறுக்கவோ கூடாது, ஒரு மடிப்பு விழுந்தால் உள்ளே கம்பி முறிந்துவிடும். முனைகளில் கண்ணாடியில் வழுக்கும் பிளாஸ்ரிக் துண்டு ரெண்டும் இருக்கின்றனவா, ஒரே உயரமா என்று பாருங்கள். ஒன்றுக்கு அடியில் மணல் சிக்கியிருந்தாலும் சட்டம் சாயும்.

தண்டவாளத்தில் இருக்கிற கிறீசைத் துடைக்க வேண்டாம். தேங்காய் எண்ணெய், தையல் மெசின் எண்ணெய் எதுவும் விட வேண்டாம்.


கல்லடி எழுதியது:

மேலே சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் உடன்பாடில்லை. வெள்ளைப் பட்டியில் அற்ககோல் போட வேண்டாம் நானா. பல மெசின்களில் அது பின்னால் பசையிட்ட மெல்லிய பட்டிதான். ஓரத்தால் அற்ககோல் இறங்கினால் பசை இளகிப் பட்டி அலையாக எழும்பும், பிறகு தாளின் வெளிச்சமே ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறையும். பட்டிக்குத் துணியை வடிநீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஈரம் இருக்கிறதோ இல்லையோ என்ற அளவில் ஒரு தரம் ஒற்றினால் போதும். வாகன பற்றரிக்கு விடுகிற வடிநீர் எந்தக் கராஜ் பக்கத்திலும் கிடைக்கும். அற்ககோல் கண்ணாடியின் உட்பக்கத்துக்கும் சட்டத்தின் முகத்துக்கும்தான்.

கிணற்றுத் தண்ணியோ குழாய்த் தண்ணியோ வேண்டாம். காய்ந்தால் உப்புத் தடம் நிற்கும். கடைகளில் விற்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட் சில வகையில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், அதுவும் படலம் விடும். எதையும் கண்ணாடியில் நேரே தெளிக்கக் கூடாது, துணியில்தான். நீங்கள் பாவித்த நீலத் தண்ணி ஓரத்தால் உள்ளே வழிந்திருந்தால் உட்பக்கத்தில் ஒரு புகைப்படலம் இருக்கும். இரவில் லைற்றை அணைத்துப் போன் வெளிச்சத்தைக் கண்ணாடிக்குச் சமாந்தரமாகப் பிடித்தால் தெரிந்துவிடும். படலம் இருந்தால் கறுப்பு கறுப்பாக வராது, சாம்பலாக வரும். எழுத்தைச் சுற்றி ஒளி கசியும். திறந்த கையோடு அதையும் துடைத்துவிடுங்கள் தம்பி.


காரைதீவு எழுதியது:

ஐந்தாவது கேள்விக்கு. அந்தப் பொட்டுகள் ஸ்கானரின் பழுது அல்ல, படத்தின் தாளே அப்படி. அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்காரர் விரும்பிப் பாவித்தது மேடுபள்ளம் அச்சிட்ட பட்டுத்தாள். விரல் அடையாளம் தெரியாது என்பதற்காக. உங்கள் ஸ்கானரில் வெளிச்சம் சட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் சாய்ந்து விழுகிறது. ஒவ்வொரு மேட்டின் ஒரு சரிவும் மினுங்கும், மறு சரிவு நிழலாகும். அதுதான் தேன்கூடு.

சரிவை மாற்றினால் மினுக்கமும் மாறும். படத்தை 600 டிபிஐயில் ஒரு தரம் எடுங்கள். பிறகு கண்ணாடியின் அதே இடத்தில் 180 பாகை திருப்பி வைத்து இன்னொரு தரம். ரெண்டுக்கும் ஒரே வெளிச்ச செற்றிங், தானியங்கி எல்லாம் நிறுத்தி. கிம்பில் ரெண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகத் திறந்து, மேலுள்ளதை 180 பாகை சுழற்றி, அதன் ஒளிபுகுதிறனை 50 வீதம் ஆக்குங்கள். பெரிதாக்கி, படத்தில் உள்ளவரின் கண்மணியையும் சட்டைப் பொத்தானையும் அடையாளமாக வைத்து அம்புக்குறி விசையால் ஒவ்வொரு படப்புள்ளியாக நகர்த்திப் பொருத்துங்கள். பொருந்தின கணத்தில் பொட்டுகள் அமுங்கும். முழுக்கப் போகாது, ஆனால் முகம் முகமாகத் தெரியும். மங்கலாக்கும் வடிகட்டி போட்டுப் பொட்டை அழிக்கப் பார்த்தால் கண்ணிமையும் சேர்ந்து அழியும்.

மூன்றரைக்கு ஐந்து அங்குலப் படம் 600இல் 2100க்கு 3000 படப்புள்ளி வரும், அது போதும். அடையாள அட்டை அளவுச் சின்னப் படத்துக்கு மட்டும் 1200.

படங்கள் சிவந்துபோயிருந்தால், அல்பத்துக்குள் இருட்டில் கிடந்தே மங்கிய பழைய கலர்ப் படங்களில் சியான் என்கிற நீலப்பச்சைச் சாயம் முதலில் போவதால்தான் அப்படி. ஸ்கானரில் திருத்த வேண்டாம். லெவல்ஸில் சிவப்புத் தட்டை மட்டும் எடுத்து, கறுப்பு முனையை வரைபடம் தொடங்குகிற இடம் வரை உள்ளே இழுங்கள். தலைமுடி திரும்பக் கறுக்கும்போது நிறுத்துங்கள்.

நம் கிழக்குக் கரையில் 1978 சூறாவளியிலும் 2004 சுனாமியிலும் நனைந்து தப்பின படங்கள் பல வீடுகளில் இருக்கின்றன. உங்கள் அல்பத்திலும் அப்படி இருந்தால், உப்பும் மணலும் இருக்கிற படத்தைக் கண்ணாடியில் வைத்து நகர்த்தவே கூடாது. கண்ணாடியில் விழுகிற கீறலுக்கு மருந்து கிடையாது. பிறேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்கவும் கூடாது, படத்தின் மேற்தோல் கண்ணாடியோடு போய்விடும். அதை இந்த வகை ஸ்கானரில் கண்ணாடியோடு வைத்தாலும் ரெண்டு மில்லிமீற்றர் தள்ளி நிற்பதால் மங்கலாகத்தான் வரும். உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரித் துண்டுகளும் வில்லையும் இருக்கிற தடித்த சிசிடி வகை ஸ்கானர் அந்த ஆழத்தைப் பிடிக்கும். அது கிடைக்காவிட்டால் போன் கமெராவே மேல்: காலையில் வாசல் நிழலில், பிளாஷ் இல்லாமல், அரை மீற்றர் உயரத்தில் நேர் மேலே நின்று, கண்ணாடியில் வானம் மினுங்காமல் இருக்கப் போனுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு எடுங்கள்.

பளபளப்புத் தாளில் எடுத்த படம் கண்ணாடியோடு ஒட்டி வானவில் வளையம் காட்டினால், படத்தின் நாலு ஓரத்துக்கும் கீழே மெல்லிய தாள்ச் சட்டம் வெட்டி வையுங்கள். ஒரு தாளின் தடிப்பு இடைவெளி போதும், குவியமும் கெடாது.


ஆரையூர் எழுதியது:

திறந்தேன். வலது பக்க வில் குமிழை விட்டு விலகிச் சாய்ந்து கிடந்தது. பட்டியில் கடுகில் பாதி அளவில் ஒரு பழுப்புத் துகள். வடிநீர்த் துணியால் ஒரே ஒற்றில் போனது. உட்கண்ணாடியில் கல்லடி சொன்ன படலமும் இருந்தது. இப்போது அடிமட்டம் 0 முதல் 21 வரை தனித்தனிக் கோடு. வெள்ளைக் கோடு இல்லை. பட்டுத்தாள் படத்துக்கு 180 பாகை முறையும் பலித்தது.

ஒன்று மட்டும் புதிதாக: 600 டிபிஐ கலரில் எழுத்தின் மேல் விளிம்பில் மெல்லிய சிவப்பும் கீழ் விளிம்பில் நீலமும். பக்கவாட்டு விளிம்பில் இல்லை. 300 சாம்பலில் ஒன்றும் தெரியவில்லை. ஏதாவது பிழையாகப் பூட்டிவிட்டேனா?


கல்லடி எழுதியது:

பூட்டினதில் பிழை இருக்க வேண்டும் என்று இல்லை. இந்த வகையில் வெள்ளை விளக்கு கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எல்ஈடி ஒவ்வொரு வரிக்கும் ஒன்றன்பின் ஒன்றாக மின்னும், மூன்றையும் சேர்த்து ஒரு நிறமாக்கும். மூன்று மின்னலுக்கும் இடையில் சட்டம் சீராக நகராமல் துடித்தால் மூன்று நிறமும் கொஞ்சம் கொஞ்சம் விலகி விழும். விலகல் நகர்கிற திசையில் மட்டும் என்பதால்தான் மேல் கீழ் விளிம்பில் தெரிகிறது, பக்கவாட்டில் இல்லை.

துடிப்புக்கு முதல் காரணம் கரண்ட். மேசைக் கணினியின் முன்பக்கத் துளையிலோ, ஒரு துளையைப் பலதாக்கும் ஹப்பிலோ செருகியிருக்கிறீர்களா? யூஎஸ்பி 2 துளை தருவது 500 மில்லிஅம்பியர்தான். மோட்டரும் விளக்கும் அதிலேயே ஓட வேண்டும். பின்பக்கத் துளையில் நேரே, ஒன்றரை மீற்றருக்குள் வயரோடு செருகிப் பாருங்கள். நீட்டு வயர் வேண்டாம். மாறாவிட்டால் நாடா வயர் மூடியின் உட்பக்கத்தில் உரசுகிறதா, மேசை ஆடுகிறதா என்று பாருங்கள்.


ஆரையூர் எழுதியது:

முன்பக்கத் துளைதான். பின்பக்கம் மாற்றினேன், இப்போது விளிம்பில் நிறம் பிரிந்து விழவில்லை. மாரியில் இதை எப்படி வைப்பது? உள்ளே மீண்டும் படலம் பிடிக்குமா?


கல்லடி எழுதியது:

வாவிக்கரை வீடுகளில் பிடிக்கத்தான் செய்யும். ஈரப்பதன் 70 வீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் கண்ணாடியில் பூஞ்சை வேர்விடும். பொலித்தீனால் இறுக்கிச் சுற்றினால் உள்ளே இருக்கிற ஈரமும் அங்கேயே அடைபடும். கச்சான் காலத்தில் தூசிக்குப் பருத்தித் துணி போர்வை போதும். மாரிக்கு இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி, அதற்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 200 கிராம் அளவு துணிப்பையில். நீலம் ரோசாவானால் 120 பாகை செல்சியஸில் ஒன்றிரண்டு மணித்தியாலம் காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம். நீலநிற வகையில் கோபால்ற் இருப்பதால் சமைக்கிற சட்டியில் வறுக்க வேண்டாம், அதற்கென்று ஒரு பழைய தகரத்தை ஒதுக்குங்கள். பெட்டிக்குள் ஸ்கானரைப் படுக்கவே வையுங்கள், நிமிர்த்தி வைத்தால் அந்த வில் திரும்பவும் விலகலாம்.